மயங்கி விழும் வேலை

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் எங்கள் ஊர் இரும்பாலை பாதி மூடிக்கிடந்த 1938இல், எனக்குக் கிடைத்த ஒரே வேலை மயங்கி விழுவதுதான். டிராஸ்க் தன் தியேட்டரில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு பழைய பேய்ப் படங்கள் ஓட்டிக்கொண்டிருந்தார். முதல் படத்தின் கடைசியில் பிணம் கல்லறை மூடியைத் தள்ளும்போது ஒரு தடவை, அடுத்ததில் தூக்கில் தொங்கியவன் ஜன்னலில் எட்டிப் பார்க்கும்போது ஒரு தடவை, படம் அவ்வளவு பயங்கரம் என்று காட்ட நான் வீலென்று அலறி விழவேண்டும். நர்ஸ் உடுப்பில் ஓப்பலும், டிக்கெட் கிழிக்கும் ஆளும் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்து என்னைத் தூக்கிப்போவார்கள். ஓப்பல் நர்ஸே அல்ல, பேக்கரியில் ரொட்டி விற்றவள். எல்லாம் நடிப்பென்று ஜனங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் கைதட்டினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை டிராஸ்க் என்னை நிறுத்தினார். "என்ன இர்மா, மூட்டை விழுற மாதிரி விழுற? வேற ஆள் பாக்கணும் போலிருக்கே."

அதிலிருந்து எனக்கு எல்லார்மேலும் சந்தேகம். சனிக்கிழமை மதியக் காட்சிக்கு ஓப்பல் வந்து காதைக் கடித்தாள்.

"மூணாவது வரிசையில பச்சத் தொப்பிக்காரியப் பாத்தியா? டிராஸ்க்கே கதவத் திறந்து விட்டு, தண்ணி குடுத்து உக்கார வச்சாரு. நமக்கு என்னைக்காவது குடுத்திருக்காரா?"

பார்த்தேன். தனியாக வந்திருந்தாள். படம் தொடங்கியதிலிருந்தே நெஞ்சில் கைவைத்து, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினாள். ஒத்திகை பார்க்கிறாள், எனக்குத் தெரியாதா! அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன், திரையைப் பார்க்கவே இல்லை.

கல்லறை மூடி அசைவதற்கு முன்பே அவள் சரிந்தாள். அலறல்கூட இல்லை. யாரோ சிரித்தார்கள், இரண்டு பேர் கைதட்டினார்கள். என் இடத்தை என் கண்ணெதிரே பிடுங்குகிறாளே என்று ஆத்திரம் பொங்கியது. இருக்கையின் மேல் ஏறி நின்று, தியேட்டர் அதிர அலறி விழுந்தேன்.

ஓப்பல் ஸ்ட்ரெச்சரோடு நடுவழியில் ஒரு நொடி நின்றாள். பச்சைத் தொப்பிக்காரியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. பிறகு என்னிடம் ஓடிவந்தாள்.

"நம்மாளு நீதான்டி," என்றாள் தூக்கும்போது.

வெளியே கொண்டுபோய் இறக்கியதும் நேரே டிராஸ்க்கிடம் போனேன். "புது ஆள் வச்சிருக்கீங்கன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எந்த ஆளு?"

"பச்சத் தொப்பி."

"உனக்கென்ன பைத்தியமா? அது யாரோ. மூச்சு முட்டுதுன்னு தண்ணி கேட்டுச்சு, குடுத்தேன்."

உள்ளே ஓடினேன். முதல் படம் முடிந்து விளக்கு போட்டிருந்தார்கள். ஜனங்கள் சிரித்தபடி அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். "இன்னும் எந்திரிக்கல பாரு, இவ கெட்டிக்காரி!" என்றான் ஒருவன். நான் மண்டியிட்டுக் கையைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது. மூக்கருகே விரலை வைத்தேன், மூச்சு இல்லை.

"டாக்டர் யாராவது இருக்கீங்களா? நெசமா சொல்றேன், செத்துட்டா!"

பின்வரிசையில் எங்கள் தெரு டாக்டர் பாப்கார்னோடு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

நான் அழுதேன், கெஞ்சினேன். தியேட்டரே எழுந்து நின்று கைதட்டியது.