லித்தியம் காணவில்லை

1

இந்தக் கதை எனக்கு ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் பஸ்ஸில் கிடைத்தது. கிடைத்தது என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு முன் சீட்டில் பேட்டரி கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: “எதாச்சும் காணோம்னா எம் பையத்தான் மொதல்ல தொறக்கச் சொல்றாங்க.”

அவ்வளவுதான். என்ன காணாமல் போனது, பையைத் திறந்தாளா, உள்ளே என்ன இருந்தது, ஒன்றும் தெரியாது. சரியாக அந்த நேரம் பார்த்து கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். சில்லறை தேடி முடிப்பதற்குள் மத்திகிரி வந்துவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தோடு இறங்கிவிட்டேன்.

என் கையில் ஒரு வானியல் புத்தகம் இருந்தது. தனிமங்கள் பிறந்த கதையை எழுதித் தருவதாக ஒரு பத்திரிகைக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். ஆசிரியர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே தலையாட்டியாயிற்று. (தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன். எழுதுவதில்தான் இழுபறி.) அன்று காலையில் படித்த பக்கத்திலும் ஒரு பொருள் காணாமல் போயிருந்தது. லித்தியம். பிரபஞ்சத்தில் இருக்க வேண்டிய அளவுக்கு அது இல்லையாம். எங்கே போனதென்று தெரியாமல் பெரிய பெரிய விஞ்ஞானிகள் கையைப் பிசைகிறார்கள்.

அந்தப் பெண் வேலை செய்யும் இடத்தில் பெட்டி பெட்டியாக வந்து இறங்குவதும் லித்தியம்தான். பிறகு நான் சும்மா இருப்பேனா? அவளுக்குக் காவியா என்று பெயர் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: “ஆதியில் எதுவுமே இல்லை. அந்த எதுவுமில்லாமையிலிருந்து ஒரு பேரொளி…”

(நிறுத்திவிட்டேன். ஆசிரமத்துத் துண்டுப் பிரசுரம் மாதிரி இருக்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: “ஆயிரத்து முன்னூற்று எண்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை…”

(அப்போது செவ்வாயும் கிடையாது, கிழமையும் கிடையாது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அடித்துவிட்டேன்.)

மூன்றாவது தொடக்கத்தைச் சமையலறையில் வைத்துப் பார்த்தேன், தேறியது. பிரபஞ்சம் பிறந்த முதல் சில நிமிடங்களில் எங்கு பார்த்தாலும் ஒரே அடுப்பு. தாங்க முடியாத சூடு. அந்தச் சூட்டில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் முட்டி மோதி ஒட்டிக்கொண்டன. நிறைய ஹைட்ரஜன், அதற்கு அடுத்தபடி ஹீலியம், கடைசியில் ஒரு சிட்டிகை லித்தியம். அடுத்த பதார்த்தத்துக்குக் கை வைப்பதற்குள் அடுப்பு ஆறிவிட்டது. பிரபஞ்சம் விரிந்துகொண்டே போனது, விரிய விரியக் குளிர்ந்தது. மூன்றே பதார்த்தத்தோடு இலை போட்டாயிற்று.

மற்றதெல்லாம் பிற்பாடு வந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து நட்சத்திரங்கள் அடுப்பு மூட்டின. கார்பன், ஆக்சிஜன் என்று வரிசையாகச் சமைத்து இரும்பு வரைக்கும் வந்தன. இரும்புக்கு மேல் சமைத்தால் நட்சத்திரத்துக்கு நஷ்டம். கொடுத்த சூடுகூடத் திரும்பி வராது. அதனால் பெரிய நட்சத்திரம் இரும்போடு கையை உதறிவிட்டுத் தன் மேலேயே இடிந்து விழுந்து வெடிக்கும். தங்கம் போன்ற கனமான சரக்கெல்லாம் இந்த மாதிரி வெடிப்புகளிலும், செத்த நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதிலும் வந்தவை.

இதற்குள் காவியா எங்கே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கேட்டில் நிற்கிறாள். வெயிலில்தான் நிற்கிறாள், வந்துவிட்டேன்.

3

வருவதற்கு முன் லித்தியம் விஷயத்தை மட்டும் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் புரியாது. முதல் நிமிடங்களில் எந்தச் சரக்கு எவ்வளவு உண்டாகியிருக்க வேண்டும் என்று தாளில் கணக்குப் போடலாம். ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. லித்தியத்துக்கு மட்டும் இடிக்கிறது. மிகப் பழைய நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் தெரிகிறது.

இதற்கு மூன்று சந்தேகம் சொல்கிறார்கள். ஒன்று, ஆரம்பக் கணக்கே தப்பு. இரண்டு, கணக்கு சரி, பார்த்த விதம் தப்பு. மூன்று, அந்த நட்சத்திரங்களே தங்கள் லித்தியத்தை உள்ளே இழுத்து எரித்துவிட்டன. இந்த மூன்றாவதைத்தான் நிறையப் பேர் சொல்கிறார்கள். லித்தியம் லேசான சூட்டிலேயே அழிந்துபோகிற ஜாதி.

(அறிவியல் ஆசிரியர்கள் கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு வார்த்தை: காவியா கையாளும் பேட்டரி செல்லில் உள்ள லித்தியம் எல்லாமே ஆதியில் பிறந்ததல்ல. பெரும்பகுதி பிற்பாடு வந்தது. சில சிறிய நட்சத்திரங்கள் வெடித்ததில் வந்தது, விண்வெளியில் பாய்ந்து திரியும் துகள்கள் கார்பனையும் ஆக்சிஜனையும் மோதி உடைத்ததில் வந்தது. ஒரு சிறு பங்குதான் முதல் நிமிடங்களின் சரக்கு. திருப்தியா?)

4

முதல் ஷிப்ட் மத்தியானம் இரண்டு மணிக்கு முடிந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு மேசை, அதன் பின்னால் செக்யூரிட்டி ராமப்பன். மூன்று மொழி பேசுகிறவர், எரிச்சல் வந்தால் மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார். பெண்கள் வரிசையாக வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். காவியா மேசையை நெருங்கும்போது பின்னாலிருந்து ஹரீஷ்குமார் கூப்பிட்டார். அவர்தான் காவியா வேலை செய்யும் லைனுக்கு சூப்பர்வைசர்.

போன மாதம் ஒரு ஸ்குரூ டிரைவர் காணாமல் போனபோதும் இப்படித்தான் கூப்பிட்டார். பிறகு அது வேறு லைனில் கிடந்தது. கிடந்ததை அவளிடம் யாரும் வந்து சொல்லவில்லை, கேன்டீனில் சாப்பிடும்போது தானாகக் காதில் விழுந்தது.

“ஸ்டாக்ல பத்து செல் ஷார்ட்டேஜ் காட்டுதும்மா. பைய தொற.”

விரல் பருமனில் உருளையாக இருக்கும் செல்கள் அவை. நூற்றுக்கணக்கில் அடுக்கி, பற்றவைத்து, மூடினால் ஸ்கூட்டருக்கு ஒரு பேட்டரி. காவியா இரண்டு வருடமாக அடுக்குகிறாள். அந்த இரண்டு வருடத்தில் அவளுக்குக் கிடைத்தது ஓசூரில் ஒரு வாடகை அறை, அதற்கு அவள் பெயரில் ஒரு சாவி. வேலை போனால் சாவி போகும். சாவி போனால் சொந்த ஊர் நாட்றாம்பாளையத்துக்குத் திரும்ப வேண்டும், அங்கே ராஜசேகர் என்று ஒரு மாமன் மகன் காத்திருக்கிறான். பையன் நல்லவன்தான். அவன் கதையை வேறு யாராவது எழுதட்டும்.

“கண் கலங்க, நடுங்கும் விரல்களால் காவியா ஜிப்பை…”

(இந்த வாக்கியம் இங்கேயே நின்றுவிட்டது. மூன்று தரம் முயன்றேன். விரல்கள் நடுங்கவில்லை.)

அவள் பையைத் தோளிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். நீலப் பை, ஜிப்பின் நுனி உடைந்துபோய் ஒரு ஊக்கு மாட்டியிருந்தது. வைத்தபின் கையை எடுத்துக்கொண்டாள்.

“எல்லாரு பையையும் தொறங்க சார். எம் முறை வரப்ப நானும் தொறக்கறன்.”

வெளியே கம்பெனி பஸ் நின்றிருந்தது, ஜன்னல்களில் முகங்கள். ஹரீஷ்குமார் கெட்டவர் இல்லை. மேலே பெங்களூரில் உட்கார்ந்திருப்பவர் இன்னும் பத்து நிமிடத்தில் போன் செய்து அவரைக் கேட்பார். அத்தனை பேரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினால் அடுத்த ஷிப்ட் தாமதமாகும், அதற்கும் அவரைத்தான் கேட்பார்கள். விட்டுவிடுங்கள் என்று ராமப்பன் கன்னடத்தில் முணுமுணுத்தார். ஹரீஷ்குமார் கேட்கவில்லை.

“தொறந்துட்டு வீட்டுக்குப் போ. தொறக்க மாட்டன்னா நாளையிலருந்து வரவேணாம்.”

காவியா பஸ்ஸைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்து நகரவும் இல்லை. இந்த இடத்தில் கதை நின்றுகொண்டிருக்கிறது, நான்கு நாளாக.

5

விஞ்ஞானிகளிடம் மூன்று சந்தேகம் இருந்தால் என்னிடம் மூன்று முடிவு இருக்கக்கூடாதா?

முதல் முடிவு. கணக்கே தப்பு. காலையில் பெட்டியை ஸ்கேன் செய்தவர் கைத்தவறுதலாக இரண்டு தரம் செய்துவிட்டார். பத்து செல் கம்பெனிக்கு வரவே இல்லை, வராதது எப்படிக் காணாமல் போகும்? ஹரீஷ்குமார் மன்னிப்புக் கேட்கிறார்… (இல்லை. மன்னிப்புக் கேட்கும் சூப்பர்வைசரை எழுதினால் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.) ஹரீஷ்குமார் “சிஸ்டம் எரர்” என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார். அதோடு முடிந்தது.

இரண்டாவது முடிவு. பார்த்த விதம் தப்பு. செல்கள் கம்பெனிக்குள்ளேயே சிவப்புப் பெட்டியில் கிடக்கின்றன. சோதனையில் தேறாதவற்றைப் போடும் பெட்டி அது. எல்லோரும் வெளியே போகிற பையைப் பார்த்தார்களே ஒழிய, உள்ளே இருக்கிற பெட்டியை ஒருவரும் பார்க்கவில்லை. இந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பெட்டியைக் கண்டுபிடிக்கும்போது காவியா வேலையை விட்டுப் போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். அதை எழுத மனசு வரவில்லை.

மூன்றாவது முடிவு. செல்லைக் காவியாதான் எடுத்தாள்.

உடனே அவளைத் திட்டாதீர்கள், காரணம் வைத்திருக்கிறேன். நாட்றாம்பாளையத்தில் அவள் அப்பா கேழ்வரகு போட்டிருக்கிறார். கதிர் முற்றினால் காட்டிலிருந்து யானை இறங்கும். காவலுக்கு நல்ல வெளிச்சமுள்ள டார்ச் வேண்டும், இந்த செல் போட்டால் எட்டாத தூரத்துக்கும் அடிக்கும். ஆக மகள் அப்பாவுக்காக எடுத்தாள். படிக்கிறவர்களுக்கு நெஞ்சு உருகும். ஆதியில் பிறந்த லித்தியம் ஒரு காட்டோர வயலில் யானையின் கண்ணில் வெளிச்சமாகப் படுகிறது! எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு காபி குடித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

6

திரும்பி வந்து உட்கார்ந்தால் காவியா பேசுகிறாள். என்னை அண்ணா என்று கூப்பிட்டாள். என் வயதுக்கு அது பெரிய சலுகை.

“அண்ணா, எங்கூர்ல யானை வந்தா செல்லு திருடித்தான் வெரட்டணுமா? அஞ்செட்டி கடையில டார்ச்சு விக்கறாங்க. எங்கப்பா வாங்கி வெச்சிருக்காரு.”

கதைக்கு ஒரு காரணம் வேண்டுமே என்று இழுத்தேன். உன்னைத் தப்பாகக் காட்டவில்லை, படிப்பவர்கள் உன் பக்கம்தான் நிற்பார்கள் என்றேன்.

“இன்னிக்குக் காலைல கேன்டீன்ல ஹரீஷ் சார் சொன்னதும் இதேதாண்ணா. யானைக் காட்டுப் பொண்ணு, டார்ச்சுக்கு எடுத்திருக்கும்னு. அவரு கிண்டலுக்குச் சொன்னாரு. நீங்க பாவப்பட்டுச் சொல்றீங்க. ரெண்டு பேருமே எம் பையத்தான பாக்கறீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. உண்மையாகவே வலித்தது, மறைக்கவில்லை. பஸ்ஸில் அந்தப் பெண் எந்த ஊர் என்றுகூடச் சொல்லவில்லை. நாட்றாம்பாளையம் நான் வைத்தது. காட்டோரம் நான் வைத்தது. கேழ்வரகு, யானை, இருட்டு எல்லாம் நான் வைத்தவை. சந்தேகம் சரியாக உட்காரும்படி ஒரு ஊரைத் தேடிப் பிடித்து அவளுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அவள்மேல் இரக்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன். லைனில் பாரூர்ப் பெண் இருக்கிறாள், கிருஷ்ணகிரிப் பெண் இருக்கிறாள். அவர்கள் பையை ஏன் மேசைக்குக் கொண்டுவரவில்லை என்று என்னை நானே கேட்கவே இல்லை.

மூன்றாவது முடிவை அடித்துவிட்டேன். (அடித்தாலும் நீங்கள் படித்துவிட்டீர்கள். அதை உங்கள் தலையிலிருந்து எப்படி அடிப்பது என்று தெரியவில்லை.)

7

அப்படியானால் பையில் என்னதான் இருக்கிறது? சத்தியமாக எனக்குத் தெரியாது. பையைச் செய்தவன் நான், ஜிப்பை உடைத்தவனும் நான், ஊக்கு மாட்டியவனும் நான். உள்ளே மட்டும் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும், வேலைக்குப் போகிற யாரிடமும் அது இருக்கும். அந்தத் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அநேகமாக முழுவதும் பிரபஞ்சத்தின் முதல் நிமிடங்களில் உண்டான சரக்கு. அதில் ஒரு துளியைக்கூடக் காவியா செய்யவில்லை, கம்பெனியும் செய்யவில்லை. ஹரீஷ்குமாரின் ரத்தத்தில் ஓடுவதும் அதே சரக்குதான். அந்த ரத்தத்துக்குச் சிவப்புக் கொடுக்கிற இரும்பு ஏதோ நட்சத்திரம் வெடித்துச் சிதறியதில் வந்தது. இதற்கெல்லாம் யாரும் கேட் பாஸ் வாங்கவில்லை. எடுத்துக்கொண்டு வந்தோம், வைத்துக்கொண்டு இருக்கிறோம்.

இதைக் காவியாவிடம் சொன்னேன். நல்லா இருக்குது, ஆனால் இதை ஹரீஷ் சாரிடம் சொன்னால் வேலை மிஞ்சுமா என்று கேட்டாள். மிஞ்சாது என்று ஒப்புக்கொண்டேன்.

அதனால் முடிவை உங்களிடம் விடுகிறேன். நழுவுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ராமப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார், இனி இந்தப் பாவம் தனக்கு வேண்டாம் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். நாற்காலி காலி. உட்காருங்கள். மேசைமேல் நீலப் பை இருக்கிறது, ஊக்கு உங்கள் பக்கம் பார்த்திருக்கிறது. கம்பெனி பஸ் ஒரு தரம் ஹாரன் அடித்தாயிற்று. ஹரீஷ்குமாரின் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. நீங்கள் திறந்து பார்த்தால் செல் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும், கதையும் முடிந்துவிடும். தெரிந்துகொள்ள ஆசை இருக்கும். எனக்கும் இருக்கிறது.

காவியாவின் நிபந்தனை நினைவிருக்கட்டும்: எல்லோர் பையும் திறக்க வேண்டும். நான் என் பையை அவள் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன், திறந்தே கிடக்கிறது. வானியல் புத்தகம், ரத்த அழுத்த மாத்திரை, பஸ் டிக்கெட். அடியில் ஒரு வாக்கியம் இருக்கிறது, தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஒரு பெண்ணிடமிருந்து கேட்காமல் எடுத்தது. எடுத்தது நான்தான்.

உங்கள் கை ஊக்கை நோக்கிப் போகிறது. காவியா தடுக்கவில்லை. உங்களை நிமிர்ந்து பார்த்து, சத்தம் உயர்த்தாமல் சொல்கிறாள்:

“நீங்க உங்க பைய இன்னும் வெக்கலையே.”