பின்சுவரின் ஈரம்

ஆய்வரங்கின் திரையில் தன் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தாள் ஜரினா. காணோம். ‘கரிசல் வீடுகளின் சுவர் வெடிப்பு’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதன் கீழே பொன்மணியின் பெயர் மட்டும்.

கட்டிடப் பொறியியல் படிக்கும் பொன்மணியும் சமூகவியல் படிக்கும் ஜரினாவும் சேர்ந்து செய்த ஆய்வு அது. வேறுவேறு துறை மாணவர்கள் கூட்டாக ஆய்வு செய்யலாம் என்று இந்த வருஷம்தான் பல்கலைக்கழகத்துக்கு ஞானம் வந்திருந்தது. சென்னையில் மேற்படிப்புக்கு இடம் கிடைக்க ஜரினா நம்பியிருந்தது இந்த ஒன்றைத்தான். பொன்மணிக்கும் அது நன்றாகத் தெரியும்.

கோடை முழுக்க இருவரும் பசுவந்தனை என்ற கரிசல் கிராமத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பொன்மணி மண்ணைத் தோண்டி ஈரம் அளந்தாள். எந்த வீட்டில் பார்த்தாலும் பின்சுவர்தான் பிளந்திருந்தது, பின்பக்க மண்ணில்தான் ஈரம். காரணம் பிடிபடாமல் அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது ஜரினா அடுப்படிகளில் உட்கார்ந்து பெண்களோடு பேசினாள். குழாயில் தண்ணீர் எப்போதாவதுதான் வரும் ஊர். அரிசி களைந்ததையும் ஏனம் கழுவியதையும் கீழே கொட்ட யாருக்கு மனசு வரும்? பின்சுவரை ஒட்டி நிற்கும் முருங்கைக்கு ஊற்றிவிடுவார்கள். அங்கே கரிசல் மண் ஊறி உப்பிப்போகும், முன்பக்கம் காய்ந்து சுருங்கும். இடையில் மாட்டிக்கொண்ட சுவர் பாவம், என்ன செய்யும்!

“ஏட்டி, நீ இல்லன்னா நான் மண்ணையே கிண்டிக்கிட்டுக் கெடந்திருப்பேன்” என்று அன்றைக்குப் பொன்மணி அவளைக் கட்டிக்கொண்டாள்.

இப்போது மேடைக்குப் போனவளை ஜரினா மறித்தாள். “என் பேரு எங்கட்டி?”

“எங்க துறை சார், அடுப்படிக் கதையெல்லாம் இதுல எதுக்குன்னுட்டாவ. அவிய சொன்னா நான் என்ன செய்ய? ஒன் பகுதியோட பேரையும் நீக்கிட்டேன். கோவிச்சுக்கிடாத.”

“அப்போ என் சீட்டு?”

பொன்மணி அவள் முகத்தைப் பார்க்காமல் மேடையேறினாள். ஜரினா கீழே முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, பாவி.

படங்கள் ஓடின. ஒன்றில் இருவரும் நின்றிருந்தார்கள். “பக்கத்தில் யாரும்மா?” என்று கேட்டார் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா.

“அவ சும்மா பேச்சுத்துணைக்கு வந்தா மேடம்.”

“சரி. மழை ரெண்டு பக்கமும்தானே பெய்யுது? பின்பக்கம் மட்டும் ஏன் ஈரம்?”

“சமையல் தண்ணிய அங்கன ஊத்துதாங்க மேடம்.”

“யார் சொன்னது? எந்தெந்த வீட்டில் விசாரிச்சீங்க? அறிக்கையில் ஒரு வரி கூட இல்லையே.”

பொன்மணி திணறினாள். பிறகு, பசுவந்தனையில் காரணம் பிடிபடாமல் விழித்த அதே பார்வையோடு, ஜரினா பக்கம் திரும்பினாள். அத்தனை பெண்களின் பேச்சும் ஜரினாவின் செல்போனில் இருந்தது. எழுந்து போட்டுக் காட்டினால் சென்னைகூடக் கைக்கு வரலாம். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

“உங்களுக்குத் தெரியுமாம்மா?” என்றார் தேர்வாளர்.

ஜரினா எழுந்தாள்.

“எனக்கு என்ன தெரியும் மேடம்? நான் பேச்சுத்துணைக்கு வந்தவ.”