மீமிசலில் ஈசல் புறப்பட்ட ஏழு நாட்கள்

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில், மீமிசல் ஐஸ் வியாபாரி சவரியப்பன் வீட்டு நெட் பெட்டியிலிருந்து நாற்பத்தோராயிரம் ஈசல்கள் புறப்பட்டன. மழை பெய்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஈசலின் இறக்கையிலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: உங்களுக்கு லாட்டரி விழுந்திருக்கிறது, பதினைந்தே நாளில் தொப்பை கரையும், கொட்டிய முடி திரும்ப முளைக்கும். சிலர் அள்ளிப்போய் அரிசியோடு வறுத்துத் தின்று பார்த்தார்கள். எவ்வளவு உப்புப் போட்டும் ருசி ஏறவில்லை என்பதால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார்கள்.

அந்த ஊருக்கு இன்டர்நெட் கொண்டுவந்தவர் கேபிள் டிவி ஜெரால்டு. அறுபது வீடுகளுக்கு இணைப்பு. கையில் இருந்ததோ நாற்பது நெட் எண்கள். எந்த வீட்டில் பெட்டியைப் போட்டாலும் அந்நேரம் சும்மா கிடக்கும் எண் ஒன்று அங்கே போகும், அணைத்தால் திரும்பி வந்து வேறொரு வீட்டுக்குப் போகும், டோக்கன் மாதிரி. சவரியப்பனின் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, அந்த அப்பாவிக்கே தெரியாமல் உலகத்துக்கெல்லாம் குப்பை மெயில் அனுப்புகிறது, ஒரு மெயிலுக்கு ஓர் ஈசல் என்று ஜெரால்டு பார்த்தவுடன் சொல்லிவிட்டார். அதற்குள் ஊர் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்துவிட்டது. ஈசல் வந்தால் விளக்கை அணைக்க வேண்டும் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சவரியப்பன் மெயினையே அணைத்தார். ஈசல் நின்றது. திரும்பப் போட்டபோது அவருக்குப் புது எண் வந்தது, அதுவும் கெட்டது. பழைய எண் அடுத்த தெருவுக்குப் போனது. அந்த எண் திருட்டு எண் என்று உலகம் ஏற்கெனவே குறித்து வைத்திருந்ததால், அந்த வீட்டார் எழுதிய நல்ல மெயில்களும் விரட்டப்பட்டு, ஈசலாகத் திரும்பிக் கூரையில் வந்து விழுந்தன. அவர்களும் மெயினை அணைத்தார்கள். வியாழக்கிழமைக்குள் நாற்பது எண்களும் நாறிவிட்டன. வெள்ளிக்கிழமை ஜெரால்டு சவரியப்பனின் கம்ப்யூட்டரைக் கழுவித் துடைத்து வைத்தும் பயனில்லை. மீமிசலிலிருந்து வந்த மெயில் என்றாலே உலகம் கதவைச் சாத்தியது.

அதே செவ்வாய்க்கிழமை அறந்தாங்கி ஆஸ்பத்திரியில், பகல் பதினொன்று பத்துக்கு, மீமிசல் நூர்நிஷாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கணவன் முகமது இப்ராஹிம் கப்பலில் சமையல்காரர். அந்த மாதம் கருங்கடலில் இருந்தார். அங்கே போன் எட்டாது. கப்பலில் ஆளுக்கு ஒரே ஒரு வீட்டு மெயில் முகவரிதான் ஏற்பார்கள், இப்ராஹிம் எழுதிக்கொடுத்திருந்தது ஜெரால்டிடம் வாங்கிய முகவரி. ஏழாம் நாள் பெயர் வைக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெயரைத் தகப்பன்தான் சொல்ல வேண்டும். "புள்ள பொறந்த சேதி தெரியட்டும், அன்னிக்கே சொல்றேன்" என்று கப்பலேறியிருந்தார். வீடு திரும்பிய நூர்நிஷா படுக்கையருகே கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு பத்தொன்பது மெயில் எழுதினாள். பத்தொன்பதும் ஈசலாகித் தொட்டில் வலையில் வந்து உட்கார்ந்தன.

சனிக்கிழமை ஜெரால்டு போய் நூர்நிஷா வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து இப்ராஹிமின் அக்கா மர்யம் குரல் கொடுத்தார்.

"யாருங்க?"

"நான்தாங்க."

"நான்தான்னா எந்த நான்? ஆம்பள இல்லாத வீடுங்க இது. பேரச் சொல்லுங்க."

"ஜெரால்டுங்க. அந்த மெயில் விஷயமா..."

"பேரச் சொல்லிட்டீங்கல்ல, உள்ள வாங்க. மொதல்ல சர்பத்தக் குடிங்க. வாங்கிக்கிட்டுத்தான் வந்த சோலியப் பேசணும்."

ஜெரால்டு வாங்கிக் குடித்தார். கட்டில் கொசுவலைக்குள்ளிருந்து நூர்நிஷா, "அவருக்குத் தெரியாமலே பேரு வச்சிரணுமாண்ணே?" என்று கேட்டு அழுதாள். ஜெரால்டு பாதி டம்ளரிலேயே எழுந்து தன் கேபிள் கடைக்கு ஓடினார்.

எண் மாறும், ஆள் மாறுவதில்லை. மர்யம் வாசலில் கேட்டதை மெஷினும் கேட்டால் என்ன? இரண்டு நாள் சோறு தண்ணீர் மறந்து, கெடாத புது எண் ஒன்று வாங்கி, அந்த எண் மாறாத மெஷின் ஒன்றைக் கடையில் நிறுத்தினார். இனி எந்த வீட்டு மெயிலும் நேராக வெளியே போகாது, இந்த வாசல் வழியாகத்தான் போகும். வருகிறவர் பெயரும் ரகசியச் சொல்லும் சொல்ல வேண்டும். தனக்கு வந்த மெயிலை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு பத்து நிமிடம், அந்த வீட்டு எண்ணுக்கு மட்டும், அனுப்பும் கதவு திறந்திருக்கும். எண் மாறினால் மறுபடி பெயர் சொல்ல வேண்டும். வைரஸுக்குச் சொல்லப் பெயர் ஏது? திங்கட்கிழமை காலையில் ஊரில் ஓர் ஈசல் இல்லை.

அன்றுதான் ஏழாம் நாள். ஆடு அறுத்தாகிவிட்டது, விருந்தாளிகள் வந்தாகிவிட்டது, பிள்ளைக்குப் பெயர் இல்லை. ஜெரால்டு வந்து புது முறையைச் சொல்லிக்கொடுத்தார்.

"மொதல்ல வந்தத வாங்கிக்கங்க. அப்பத்தான் அனுப்ப விடும்."

"எனக்கு என்னண்ணே வந்திருக்கப் போகுது? சேதியே போகலயே." அதனாலேயே அந்த ஏழு நாளும் அவள் வந்த மெயிலைத் திறந்து பார்க்கவில்லை. முறைக்காகப் பெயரைச் சொன்னாள், ரகசியச் சொல்லைத் தட்டினாள். ஒரே ஒரு மெயில் இருந்தது. கப்பலிலிருந்து.

"பொண்ணு பொறந்திருக்கு. ஸபூரான்னு பேரு வைங்க."

ஜெரால்டு அனுப்பிய நேரத்தைப் பார்த்தார். கப்பல் நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்று பத்து. பிள்ளை பிறந்த அதே நிமிடம். மர்யம் பார்த்துவிட்டு, "சொல்றேன்னான், சொல்லிட்டான்" என்று சீனி எடுக்க உள்ளே போனார்.

"இன்னும் எட்டு நிமிஷம்தாங்க தொறந்திருக்கும்" என்றார் ஜெரால்டு.

நூர்நிஷா எழுதி வைத்திருந்ததையெல்லாம் அழித்தாள். பிள்ளையை இடது கையில் தாங்கிக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

"ஆமாங்க, பொண்ணுதான். ஒங்க மூக்கு."