துண்டுக்குள் மூன்றாவது கை

மோகனாவின் இடது முழங்காலுக்கு நாற்பது சவரன் என்று விலை வைத்தார் குடியாத்தம் ராமமூர்த்தி. வாயைத் திறந்து அல்ல. ஆம்பூர்ப் பச்சைத்தோல் மண்டிகளில் முப்பது வருடமாக எப்படி விலை வைப்பாரோ, அப்படித்தான். தோளில் கிடந்த துண்டைக் கைமேல் போட்டு, அதற்குள் பெண்ணின் அப்பா பஞ்சாட்சரத்தின் கையைப் பிடித்து, விரல்களை அழுத்தினார்.

ஒரு விரல் ஒன்று, முழுக்கை ஐந்து. "இது பத்து" என்று வாய் சொன்னால் பத்துப் பத்தாகக் கணக்கு. போன மாதம் இதே துண்டுக்குள் நாலு விரலில் முடிந்த வரதட்சணைப் பேரம் இது. இன்று முழுக்கை, மேலே மூன்று விரல். எண்பது! பஞ்சாட்சரம் கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தார்.

"இன்னா ராமமூர்த்தி, திடீர்னு ஜாஸ்தியா கீது?"

"முட்டி மேட்டர் அப்ப தெரியாதே. எம் பையன் செல்போன்ல அந்த மேட்ச்ச பாத்துட்டான். பாப்பாவ நாலு பேர் ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போறாங்க. கீறல் விழுந்த தோலுக்கு நீயே எவ்ளோ கழிப்ப, சொல்லு."

பையன் சூரியபிரகாஷ், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, தலையைக் குனிந்து கேசரியை ஆராய்ந்தான்.

பஞ்சாட்சரம் கீறலுக்குக் கழித்துக் கழித்துத்தான் இந்த மாடி வீட்டையே கட்டியிருந்தார்.

கபடியில் ஊர்ப் பெண்களையெல்லாம் மண்ணைக் கவ்வ வைத்த மோகனா, பிசியோதெரபி படிக்க மெல்போர்ன் போனாள். படிப்பு முடிவதற்குள் அங்கே ஒரு கிளப் அவளைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. ஆஸ்திரேலியக் கால்பந்து, பெண்கள் லீக், நாலு சீசன். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், அடுத்தவள் தோள்மேல் ஏறியும் பறிக்கலாம். நடுக்கம்பங்களுக்குள் உதைத்தால் ஆறு புள்ளி. கொஞ்சம் தவறி ஓரக்கம்பத்துக்குள் போனாலும் ஒரு புள்ளி. தவறினவனுக்கும் கூலி கொடுக்கிற தருமம் தோல் வியாபாரத்தில் கிடையாதே என்று பஞ்சாட்சரம் ஆச்சரியப்பட்டிருக்கிறார். மண்டிக்குப் புதுக்கூரை போட்டதும் அந்த ஆட்டத்துக் காசுதான். அது மட்டும் கீறல் இல்லாத காசு.

"இன்னொண்ணு," என்றார் ராமமூர்த்தி. "கல்யாணத்துக்கு அப்புறம் ஆட்டம் கீட்டம் கூடாது. திரும்பப் போற டிக்கெட்ட கேன்சல் பண்ணிடணும்."

பஞ்சாட்சரத்தின் விரல்கள் துண்டுக்குள் ஆறு என்று நெளிந்தன. ராமமூர்த்தியின் கை ஏழுக்கு இழுத்தது. மகளுக்கு இருபத்தேழு வயது. முட்டி வேறு போய்விட்டது. இன்னொருத்தன் வருவானா? ஏழுக்கு அவர் கை தளரத் தொடங்கியது.

அறைக் கதவோரம் நின்ற மோகனா அந்தத் தளர்ச்சியைப் பார்த்துவிட்டாள். பள்ளிக்கூட லீவெல்லாம் மண்டித் தோல்குவியல் மேல் உட்கார்ந்து, துண்டு அசைகிற அசைவிலேயே விலை சொன்னவள் அவள்.

ஷோகேஸிலிருந்த அந்த ஆட்டத்துச் சிவப்புப் பந்தை எடுத்துவந்து ராமமூர்த்தியின் மடியில் வைத்தாள்.

"மாமா, இந்தச் சரக்கு எப்படி?"

தொழில் புத்தி. துண்டுக்குள் இருந்த கையை உருவாமலே, மறுகையால் பந்தைத் தடவி, மோந்து பார்த்தார். "மாட்டுத்தோலு. நல்ல பதம். இன்னாத்துக்குப் பப்பாளிக்கா மாதிரி தைச்சிருக்கான்?"

"கீறல் கீதே மாமா. கழிச்சுடலாமா?"

"சேச்சே, அது ஆடுன கீறல்மா. தாங்குச்சுன்றதுக்கு அதான் சாட்சி."

"எம் முட்டியும் அதே மேட்ச்ல வாங்குனதுதான் மாமா. மூணு டாக்டர் மடக்கி நீட்டிப் பாத்தப்புறமும், கிளப்புல இன்னும் ரெண்டு வருஷம் ஆடக் கையெழுத்து கேக்குறாங்க. அவுங்க தோல் வியாபாரம் பண்ணல, பாவம்."

சொல்லிக்கொண்டே அப்பாவின் கையை உருவிவிட்டு, தன் கையைத் துண்டுக்குள் விட்டாள்.

"இன்னாம்மா இது? பொம்பள கை..."

"துண்டுக்குள்ள கை வந்தா பேசியே ஆவணும், பாதில உருவுனா மண்டிக்கு ஆவாதவன். நீங்க சொன்னதுதான் மாமா. உங்க சரக்குக்கு நான் விலை கேக்குறேன். ஒரு மாடி ஏறி வந்ததுக்கே மூச்சு வாங்குது. கழிவு ஜாஸ்தி. நீங்கதான் எங்களுக்குக் குடுக்கணும்." சூரியபிரகாஷைப் பார்த்து, "கோச்சிக்காதீங்க சார்" என்றாள். அவன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"இது நூறு, மாமா."

துண்டு அசைந்தது. ஒரு தரம், இன்னொரு தரம், அப்புறம் பலமாக. ஓடிவருகிற பந்தை ஒற்றைக்கையில் நிறுத்துகிற பிடி அது. ராமமூர்த்தியின் நெற்றியில் வேர்வை பூத்தது.

"வுடும்மா! விரலு, விரலு!"

"படியுதா மாமா?"

"படியல தாயே!"

"சரி, படியலன்னா ஒங்க கையும் போவட்டும், எங் கையும் போவட்டும்." துண்டை மடித்து அவர் தோளிலேயே போட்டாள்.

படியில் இறங்கும்போது ராமமூர்த்தியிடம் அவர் மனைவி கேட்டாள், மகன் கேட்டான். "எவ்ளோப்பா கேட்டா?" துண்டுக்குள் போன விலையை வெளியே சொல்லக் கூடாது. "கார்ல ஏறுடா பேஜாரு!" என்று மட்டும் கத்தினார்.

பஞ்சாட்சரத்துக்கும் கேட்க நாக்கு துடித்தது. கேட்க முடியாது. மகள் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் மண்டி நோட்டைத் திறந்து எழுதினார்:

வரவு: இடது முழங்கால் ஒன்று, கீறலோடு.
செலவு: பஜ்ஜி, கேசரி, பூ, ரூபாய் 940.
மாப்பிள்ளை வீட்டார் தர வேண்டியது: தொகை தெரியாது.

பஜ்ஜித் தட்டை எடுக்க வந்த அவர் மனைவி கமலம் எட்டிப் பார்த்தாள். அவள் முப்பது வருடத்துக்கு முன்பு கொண்டுவந்த நகைதான் இந்த மண்டியின் முதலீடு.

"எனக்கும் இதே மாதிரி ஒரு துண்டுதானே போட்டாங்க? எம் பேர்ல ஒரு வரி வுட்டுட்டீங்களே."

பஞ்சாட்சரம் பேனாவை உதறிவிட்டு எழுதினார்:

கமலத்துக்குத் தர வேண்டியது: இருபத்தைந்து சவரன். பாக்கி.