நாக்கில் பூசிய கரி

"நாக்கை இழுக்காதீங்கம்மா, கரி சிந்துது!" ரஷ்ய உச்சரிப்புப் பயிற்சியாளர் அதட்டினார்.

அவள் எங்கே இழுத்தாள்? நாக்குதான் நடுங்கியது. எண்ணெயில் குழைத்த கரித்தூளைச் சின்னத் தூரிகையால் அதன்மேல் பூசிக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். சொல்லை உச்சரித்தால் நாக்கு தொட்ட இடம் அண்ணத்தில் கறுப்பாகப் பதியும். வாய்க்குள் சின்னக் கண்ணாடி விட்டுப் பார்த்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும்.

மணி பத்து நாற்பது. பதினொன்றுக்குத் தொலைபேசித் தேர்வு. துறைமுகத்தில் ரஷ்யக் கப்பல்களோடு பேசும் வேலை. இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இன்றும் தவறினால் இருக்கிற தற்காலிக வேலையும் காலி.

"முதல்ல மூலை. ரஷ்யன்ல சொல்லுங்க."

"ஊகல்." கடைசி 'ல்' கடினமாக விழுந்தது.

"இப்போ நிலக்கரி. அதே சொல்தான், 'ல்' மட்டும் மென்மை. நடுநாக்கு மேலே ஏறணும்."

"ஊகல்ய்..."

"ஐயோ, 'ய்' தனியா வால் மாதிரி தொங்குது! ரெண்டும் ஒண்ணா வரணும்."

பெஞ்சில் இருந்த கணவன் சிரித்தான். "நிலக்கரி எங்கேன்னு கேட்டா மூலையைக் காட்டுவா. வீட்ல துண்டு கேட்டாலும் அதே கதைதான் மேடம்."

"நீங்க சும்மா இருங்க சார். வாயைத் திறங்கம்மா, பார்த்துடுவோம்."

அவள் உதட்டை இறுக்கினாள். மூன்று வாரமாக இருமல், குமட்டல் என்று ஏதாவது சொல்லி அந்தக் கண்ணாடிக்கு டிமிக்கி கொடுத்து வந்தாள்.

"கண்ணாடி வேண்டாம் மேடம்."

"பின்னே கரி எதுக்கு, அழகுக்கா?"

"காட்டேன்மா," என்றான் கணவன். "பிடுங்கிடவா போறாங்க?"

பத்து ஐம்பத்திரண்டு. விறுவிறுவென்று குழாயடிக்குப் போய், இருவருக்கும் முதுகைக் காட்டி வாய் கொப்பளித்தாள். கைக்குட்டையை வாயருகே கொண்டுபோனாள். திரும்பாமலே அந்த நிலக்கரிச் சொல்லைச் சொன்னாள்.

இந்த முறை 'ல்' வழுக்கிக்கொண்டு போய் அண்ணத்தில் அகலமாக ஒட்டி, ஈரமாக விலகியது.

"இதேதான்! இத்தனை நாள் எங்கே ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

தொலைபேசி அலறியது. கைக்குட்டையால் வாயை மறைத்தபடியே பதினெட்டு நிமிடம் பேசினாள். வியர்வை முதுகில் வழிந்தது. எதிர்முனையில் தாள் புரளும் ஓசை. அப்புறம், "தேர்ச்சி. திங்கட்கிழமை வந்து சேருங்க."

கணவன் துள்ளி வந்தான். "கையைக் குடு!"

மூடிய கையை அவள் கொடுக்கவில்லை. அவன் சிரித்துக்கொண்டே விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

ஈரக் கைக்குட்டைக்குள் அண்ணத்தை மூடும் இளஞ்சிவப்புத் தகடு. அதன் ஓரத்தில், ஆறு வருடமாக அவள் சொந்தப் பல் என்று அவன் நம்பியிருந்த கோரைப்பல்.