மீதி எட்டுக் கல்

முனியன் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டுவதைப் பார்த்ததும் சின்னதுரைக்குப் புரிந்துவிட்டது. வாசலுக்குக் குறுக்கே வந்து நின்றான்.

"மாமா, இன்னா பண்ற நீ?"

"சின்னப்பொண்ணுகிட்ட சொல்லி இட்டுக்கினு வரேன்."

"எங்கக்கா உள்ள கெடக்கறா. நீ வுட்டுட்டு ஓடறேன்ற."

உள்ளே தைலம்மாளைத் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். இரண்டு நாளாக எளப்பு. காலையில் ஐந்தரைக்கு மூச்சு நின்றது. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, தாடையைச் சுற்றியும் துணி கட்டியிருந்தது. முப்பது வருஷம் பேசிக்கொண்டே இருந்த வாய். அதைக் கட்டி வைத்தது முனியனுக்குப் பிடிக்கவில்லை.

"பொண்டாட்டி செத்தா, எடுக்கற வரைக்கும் புருஷன் பக்கத்துல குந்தணும். வாசப்படி தாண்டக் கூடாது" என்றான் சின்னதுரை. "மலையில உங்கப்பன் ஒனக்கு சொல்லலியா?"

"சொன்னான். அவன் பொண்ண பக்கத்து கொட்டாய்ல கட்டிக் குடுத்திருந்தான்."

முனியனின் ஒரே மகள் சின்னப்பொண்ணுவைக் கொடுத்திருந்தது கல்வராயன் மலையில். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர். எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. இட ஒதுக்கீடு கேட்டு மறியல். எந்த ரோட்டைப் பார்த்தாலும் மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. தெருவில் வயசுப் பிள்ளைகள் ஒருவனும் வெளியே போகத் தயாரில்லை. கண்ணில் படுகிறவனையெல்லாம் போலீஸ் ஜீப்பில் ஏற்றுகிறது என்று பேச்சு.

"வெயில பாத்தியா? நாலு மணிக்கு மேல வெச்சிக்கினு இருக்க முடியாது" என்றான் சின்னதுரை.

"நாலு மணி. அதுக்கு முன்ன பாடைய தொட்டீன்னா அப்பறம் என்கிட்ட பேசாத."

அவனைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். மணி ஏழு.

முந்தின நாள் மத்தியானம் தைலம்மாளுக்கு மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டிருந்தது. அப்போது சொன்னாள்: "சின்னப்பொண்ணு என் மூஞ்ச பாக்காம எடுத்துடாதீங்க."

"சும்மா கெட. நீ சாவமாட்ட."

"செத்தா யாரு போய் சொல்லுவா? நீயா?" சிரித்தாள். சிரிப்பு இருமலாகிப் போனது. "மெட்ராசு வரைக்கும் போய் ஓடுன ஆளு. இப்ப கொல்லப்பக்கம் போவறதுக்கே பஸ்ஸு வருமான்னு பாக்கற."

முனியன் அவள் நெஞ்சை நீவிவிட்டான்.

அவன் நெடுஞ்சாலையில் கேங் கூலி. கச்சிராயபாளையம் ரோடு அவன் பாத்தியதை. பள்ளம் மூடுவான், கிலோமீட்டர் கல்லுக்கு வெள்ளை அடிப்பான், புளியமரத்துக்கு நம்பர் போடுவான். எழுதப் படிக்கத் தெரியாது, நம்பர் தெரியும். மூன்று வருஷம் முன்னால், வேலைக்குப் போவதற்கு முன் அந்த ரோட்டிலேயே ஓட ஆரம்பித்தான். முதல் நாள் ஒன்றாம் நம்பர் மரம். அப்புறம் நாளுக்கு ஒரு மரம் கூட்டினான். எழுநூறு மரம் ஆனது. போன தை மாசம் மெட்ராசில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். ஐம்பத்து நாலு வயசில், வெறுங்காலில் ஓடி முடித்தான். மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், ஒரு எவர்சில்வர் டிபன்பாக்ஸ் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் ஊர் திரும்பினான். மறுநாள் காலையில் ஓட எழுந்திருக்கவில்லை. காலில் வலி இல்லை. அதுவரை தினமும் இன்னொரு மரம் இருந்தது. இனிமேல் மரம் இல்லை. அவ்வளவுதான். தைலம்மாள் மட்டும் எட்டு மாசமாக ஐந்து மணிக்கு எழுந்து கூழைக் கரைத்துச் செம்பில் ஊற்றி வைப்பாள். "இன்னிக்கும் இல்லியா?" என்பாள். வெளிச்சம் வந்ததும் அவளே குடித்துவிடுவாள்.

ஒன்பதாம் நம்பர் மரம் இப்போது ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. முனியன் போட்ட நம்பர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மேல் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"யோவ் பெருசு, எங்க ஓடற?"

"பொண்டாட்டி செத்துட்டா. பொண்ணு மலையில கீது."

மரத்தில் உட்கார்ந்திருந்த மீசைக்காரன் இறங்கினான். "மெட்ராசுல ஓடுன ஆளுதான நீ? டீக்கடையில போட்டோ ஒட்டியிருந்தாங்களே." ஒரு சொம்பு மோரை நீட்டினான்.

முனியன் வாங்கவில்லை. எவன் கொடுப்பதை வாங்கினாலும் பின்னால் ஒன்று கேட்பான். இவர்கள் கேட்பது நியாயமாகவே இருக்கலாம். மரம் இன்னா பண்ணுச்சு?

"திரும்பி பொண்ணோட வருவேன். சைக்கிள தூக்கி வுடணும்" என்றான்.

"வுடறோம். போ."

முனியன் அதை நம்பவில்லை. மரத்தைத் தாண்டிக் குதித்தான்.

கச்சிராயபாளையம் வரும்போதே தொடை இறுகிவிட்டது. எட்டு மாசம் சும்மா கிடந்த கால். மலை ரோட்டில் பாதி நடந்தான், பாதி ஓடினான். சின்னப்பொண்ணு சாமைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். அப்பன் ஓடி வருவதைப் பார்த்ததும் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டாள். அவன் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

மருமகன் வெள்ளையன் சைக்கிளை எடுத்தான். "மாமா, நீங்க இங்க படுங்க. அத நான் இட்டுக்கினு போறேன். நாளைக்கி எறங்கி வாங்க."

"செத்தது யாரு பொண்டாட்டி?"

வெள்ளையன் சைக்கிளைத் திருப்பிப் பிடித்தான். சின்னப்பொண்ணு கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். முனியன் ஒரு சொம்பு தண்ணி குடித்துவிட்டுப் பின்னாலேயே இறங்கினான்.

இறக்கத்தில் முட்டி இரண்டும் வலியெடுத்தன. சமவெளிக்கு வந்ததும் தார் கொதித்தது. கள்ளக்குறிச்சி எட்டு என்று போட்ட கல்லுக்குப் பக்கத்தில் கால் தானாக நின்றது. அவன் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. கல்லைப் பிடித்துக்கொண்டான். போகும்போது இருபத்தைந்து, வரும்போது பதினேழு. நாற்பத்திரண்டு. மெட்ராசில் இந்த இடத்தில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். இரண்டு பேர் தாங்கிப் பிடித்துப் பந்தலுக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். இங்கே கல்லின் நிழல் ஒரு சாண் இருந்தது.

"அப்பா" என்றாள் சின்னப்பொண்ணு, கேரியரிலிருந்து திரும்பி. வெள்ளையன் சைக்கிளை மெதுவாக்கினான்.

"நிக்காத. போ."

நாற்பத்திரண்டோடு முடியும் என்று எவன் சொன்னான்? எந்த ஊர்க்காரனோ, எந்த ஆபீசரோ வைத்த கணக்கு. அதை நம்பி எட்டு மாசம் படுத்துக் கிடந்திருக்கிறான். தைலம்மாள் இன்னும் எட்டுக் கல்லுக்கு அப்பால் கிடக்கிறாள்.

கல்லை விட்டான். முதல் அடிக்கு இடது கால் வரவில்லை, வலது கால் வந்தது. அப்புறம் இடதும் வந்தது. அடுத்த மரம் வரைக்கும் என்று போனான். அதைத் தொட்டதும் அடுத்த மரம். ஏழாவது கல்லில் நிற்கவில்லை. ஆறாவது கல்லைப் பார்க்கவே இல்லை.

ஒன்பதாம் நம்பர் மரத்தில் அவர்கள் நாலு பேராகச் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். மீசைக்காரன் மறுபடி மோரை நீட்டினான். முனியன் வாங்கி நின்றபடியே குடித்தான். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடினான்.

தெருவில் பாடை கட்டி முடித்திருந்தது. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. சின்னப்பொண்ணு உள்ளே போய் விழுந்தாள். தெருவே கேட்கிற மாதிரி அழுதாள். முனியன் வாசப்படி தாண்டி, பொணத்துக்குப் பக்கத்தில், புருஷன் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தான். பாதம் வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு லட்சுமியம்மாள் ஒரு செம்பு தண்ணியைக் கொண்டுவந்து காலில் ஊற்றினாள்.

சின்னதுரை குனிந்து அந்தக் காலைப் பார்த்தான்.

"ஓடுனியா, நடந்தியா?"

"ரெண்டும்."

சின்னதுரை எழுந்துபோய், பறை அடிப்பவர்களை இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொன்னான்.

மூன்றாம் நாள் பால் தெளிக்க வேண்டும். அதற்கு முன்னால், ஐந்து மணிக்கே முனியனுக்கு விழிப்பு வந்துவிட்டது. அடுப்பு பற்ற வைக்கவில்லை. செம்பு கவிழ்ந்து கிடந்தது. சுவரைப் பிடித்து எழுந்தான். வீங்கிய காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தான். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டினான்.

"எங்கப்பா போற?" என்றாள் சின்னப்பொண்ணு, பாயில் படுத்தபடி.

"ஒம்போது வரைக்கும்."

"ஒம்பதாவது மரத்ததான் வெட்டிட்டாங்களே."

"அடி கீதில்ல."

தெரு முனையில் ஒன்றாம் நம்பர் மரம். அங்கிருந்து கிழவன் மாதிரிதான் ஓடினான், நொண்டி நொண்டி. மறியல் முடியவில்லை. ரோடு காலியாகக் கிடந்தது. சாய்ந்த மரத்தின் மேல் ஒருவன் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கினான். வெட்டின அடி இன்னும் ஈரமாக இருந்தது. அதில் உள்ளங்கையை வைத்துவிட்டு முனியன் திரும்பினான்.

அந்தப் பக்கம் பத்தாம் நம்பர் நின்றுகொண்டிருந்தது.