திகதி போடாத தண்ணி

கனடாவிலிருந்து வந்த அம்மாவுக்கு முழங்கால் மட்டும் சேறு. செருப்பு ஒன்று சேற்றுக்குள் போய்விட்டது. மற்றதைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, தோணியருகே நின்ற வினாயகமூர்த்தியிடம் கேட்டார்.

"பொய் எழுதியோ ஆக்களைக் கூப்பிடுறீங்கள்?"

அந்த ஆவணியில் அவரிடம் இதைக் கேட்காத ஆளில்லை. படகேற வந்தவர்களெல்லாம் முதலில் ஒரு பாட்டம் ஏசிவிட்டுத்தான் ஏறினார்கள். சிலர் ஏறாமலே போனார்கள்.

வினை போன மார்கழியில் தொடங்கினது. சண்டை முடிந்த வருசக் கடைசியில் தங்கராசா முதலாளி நாவற்குடா வாவிக்கரையில் விடுதி திறந்தார். விருந்தாட்களை வாவியில் சுற்றிக்காட்டுகிற வேலை தேற்றாத்தீவு வினாயகமூர்த்திக்குக் கிடைத்தது. செங்கல் அரிந்து முதுகு போன மனிசன். இதை விட்டால் வேறு வேலை செய்ய உடம்பில்லை. சுனாமி முகாமில் நிவாரணச் சாமானுக்குப் பெருவிரல் பதித்துப் பதித்து வெறுத்துப்போய், அங்கேயே எழுத்துக் கூட்டப் பழகினவர். அதை அறிந்த நிருஷா, விடுதியின் இணையப் பக்கத்தைப் பார்க்கிற பிள்ளை, ஒரு நாள் வந்து, மாமா, உங்கட வாயால சொல்லுற மாதிரி ஏதும் எழுதித் தாங்க, வலைப்பதிவில போடுவம் என்றாள்.

மழை நின்ற நேரம். விடுதிச் சமையலறைக்குப் பின்னால் நின்று, கண்ணால் கண்டதை எழுதிக் கொடுத்தார். 'இண்டைக்கு வாவித் தண்ணி குசினிப் படியில வந்து நிக்கிது. காலில சேறு படாமத் தோணி ஏறலாம்.'

அவ்வளவும் உண்மை. பிறகு, வட்டையில் நெல்லு வெள்ளத்தில் அழுகுது என்று, மணல் மூடிக் கிடந்த முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். தண்ணி கடலுக்கு ஓடிற்று. கோடையில் கரை வற்றி வெளிச்சு, குசினிப் படிக்கும் தோணிக்கும் நடுவில் சேறு கிடக்கும். வருசா வருசம் நடக்கிறதுதான். இங்கே குழந்தைக்கும் தெரியும். கனடாவுக்குத் தெரியுமா?

செருப்புத் தொலைத்த அம்மா நேரே முதலாளியிடம் போனார். முதலாளி சத்தம் போடவில்லை. இன்னொரு ஆள் இப்படி வந்து நிண்டா, மூர்த்தி, சவாரியை நல்லரத்தினத்தின்ட இஞ்சின் படகுக்குக் குடுத்திருவன் என்று மட்டும் சொன்னார். நல்லரத்தினத்தின் படகு பாலத்தடி ஆழத்திலிருந்து புறப்படுகிறது. சேறும் இல்லை, ஏச்சும் இல்லை.

வினாயகமூர்த்தி கால் கழுவாமலே நிருஷாவின் அறைக்குள் போனார். தான் எழுதினதைக் காட்டச் சொன்னார். திரையில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பார்த்தார். எல்லாம் இருந்தது. 'இண்டைக்கு' மட்டும் இல்லை.

"அதைத் தூக்கிற்றன், மாமா. வலைப்பதிவு எண்டா அண்டண்டைக்கு நடந்ததை நம்மட பாட்டில சொல்லுறது. திகதியோட போகும், நாள் போகக் கீழ இறங்கிரும். உங்கட பதிவைத்தான் கனபேர் வாசிச்சாங்க. அதால கட்டுரையாக்கி மேல வச்சன். கட்டுரை எப்பவும் நிக்கும். அதுக்குத் திகதி போடுறதில்ல."

"எப்பவும் நிக்க அது என்ன கல்லோ, புள்ள? தண்ணியெல்லோ."

நிருஷாவுக்குச் சிரிப்பு வந்தது. இவருக்கு வரவில்லை. அண்டைக்குச் சொன்ன உண்மையை எண்டைக்குமான உண்மையாக்கினது நீ, சேத்துக்குள்ள நிண்டு பேச்சு வாங்கிறது நான் என்று பொரிந்தார். அவள் கட்டுரையைக் கழற்றிவிட்டு, புதிதாக ஒன்று எழுதித் தரச் சொன்னாள். அங்கேயே குந்தி எழுதினார். 'இது ஆவணி மாசம். தண்ணி இல்ல. தோணிக்குச் சேத்தால நடந்துதான் வரவேணும். செருப்பைக் கழட்டுங்க, சாரத்தை உயத்துங்க. ஏலாதவங்க மாரி விழவிட்டு வாங்க.'

அதை வாசித்துவிட்டு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டே வந்தார்கள். வழுக்கி விழுந்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். ஏச்சு நின்றது. முதலாளியும் நல்லரத்தினத்தின் பேச்சை எடுக்கவில்லை. சேற்றுக்குத் தண்ணியைவிட ஆள் கூட என்று நிருஷா துள்ளித் திரிந்தாள். அவள் துள்ளினபோதே அவர் யோசித்திருக்க வேண்டும்.

கார்த்திகை பிறந்தது. ஒரு கிழமை அடைமழை. வாவி பழையபடி குசினிப் படிக்கு வந்தது. வினாயகமூர்த்தி தோணியைப் படியோடு அணைத்துக் கட்டி, இனி ஆருக்கும் வாய் திறக்க வழியில்லை என்று நிம்மதியாக ஒரு வெற்றிலை போட்டார்.

கொழும்பிலிருந்து ஒரு மனிசன் பெண்சாதி பிள்ளைகளோடு வந்து இறங்கினான். எல்லோரும் வெறுங்கால். காற்சட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தது. தண்ணியைப் பார்த்தான், தோணியைப் பார்த்தான், இவரைப் பார்த்தான்.

"எங்க ஐயா சேறு? பிள்ளைகளுக்குச் சேறு காட்டத்தானே இவ்வளவு தூரம் வந்தது. பொய்யா எழுதியிருக்கிறீங்க?"

வினாயகமூர்த்தி வெற்றிலையைத் துப்பினார். அவன் அச்சடித்துக் கொண்டுவந்த தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் பார்த்தார்: 'இது ஆவணி மாசம்' மட்டும் இல்லை. முதலாளி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை அவர் பார்வை தோணிப் பக்கம் போகவில்லை. நிருஷாவின் அறைப் பக்கம் போயிற்று.

யன்னலால் அவள் தலை தெரிந்தது.

"மாமா," என்று மெல்லக் கேட்டாள், "இண்டைக்கு என்ன திகதி?"